பார்த்த மாத்திரத்தில்

நாய் ஆஸ்பத்திரியில் எடை பார்க்க இரண்டு வழி இருக்கிறது என்று டாக்டர் வேடிக்கையாகச் சொல்வார். வாசலுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் இரும்புத் தட்டு மிருகங்களுக்கு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உதவியாளர் அம்மா, அவற்றைக் கூட்டிக்கொண்டு வரும் மனிதர்களுக்கு. அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் நாயின் கயிற்றை எப்படிப் பிடித்திருக்கிறார், எங்கே போய் உட்காருகிறார், முதல் வார்த்தையாக என்ன சொல்கிறார், அவ்வளவு போதும் அவளுக்கு. "இந்தம்மா மருந்து வாங்கிட்டுப் போவாங்க, குடுக்க மாட்டாங்க." "இவரு நாயைவிடப் பயந்தாங்கொள்ளி சார், ஊசி போடும்போது வெளிய அனுப்பிடுங்க." யோசித்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி அதுவாக வரும். பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. அல்லது சரியாக இருந்தவை மட்டும்தான் அவள் காதுக்குத் திரும்பி வந்தன. அவள் கணக்குக்குத் தப்பியவர்கள் யாராவது மெனக்கெட்டு வந்து, "நீங்க நெனச்ச மாதிரி ஆள் நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்களா என்ன?

அந்த மனிதர் வந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். கூட்டம் இல்லை. அறுபதைத் தாண்டிய உயரமான ஆள். இஸ்திரி கலையாத சட்டை. பின்னால் ஒரு பழுப்பு நாய், ஒரு காது மடங்கியது, வயிறு ஒரு பக்கம் தொங்க, மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வந்தது. அவர் கயிற்றை ஒரு நாற்காலிக் காலில் கட்டினார். கட்டிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரவில்லை. எதிர் வரிசையில், சுவரோரமாகப் போய்த் தள்ளி உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பேரு சொல்லுங்க."

"என் பேரா?"

"நாயோட பேரு."

"அதெல்லாம் எதுக்கு? நாய்னு போட்டுக்குங்க."

கல்நெஞ்சக்காரன். பேர் கேட்பதற்கு முன்பே, அவர் தள்ளிப் போய் உட்கார்ந்தபோதே, அந்த வார்த்தை அவள் மனதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அந்த வார்த்தையோடு வந்து சேர்ந்துகொண்டது.

டாக்டர் நாயை மேசையில் ஏற்றி வயிற்றைத் தடவிப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். "உள்ள கட்டி இருக்கு. ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணலாம். பொழைக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி..."

"வேண்டாம்."

"இல்லைங்க, முழுசா கேளுங்க..."

"வேண்டாம்னு சொல்றேன்ல. ஊசி போட்டு முடிச்சிடுங்க."

முடி வெட்டுகிறவரிடம் 'பின்னால கொஞ்சம் குறைச்சிடுங்க' என்று சொல்வார்களே, அந்தக் குரல். கூட இருக்கிறீர்களா, கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கப் பலரும் ஆசைப்படுவார்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல" என்று ஒற்றை வார்த்தை. கையெழுத்துப் போட்டார். நாயைத் தொடவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாய் கழுத்தை நீட்டி ஒரு முறை முனகியது. அவள் குனிந்து அதன் தலையில் கை வைத்தாள்.

"மனுஷனா சார் இவன்?"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். "அவரு நாய், அவரு முடிவு. நாம என்ன பண்ண முடியும்?"

"நாம ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம்ல? பொழச்சா நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவருக்கும் மனசில்லைதான். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே யோசித்தார். "ஒண்ணு பண்ணு. போன் பண்ணிக் கேளு. நாயை நம்மகிட்டயே விட்டுடறாரான்னு. அவரு சரின்னா நான் பண்றேன். சொல்லாம முடியாது."

அவள் முன்னறைக்கு வந்தாள். போனைக் காதில் வைத்தாள். நம்பர் கண் முன்னால் இருந்தது. ஆனால் அழுத்தவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்கு முன்பே கேட்டுவிட்டது, அவருடைய அதே குரலில். கேட்டு என்ன ஆகப் போகிறது? வீம்புக்காகவே வேண்டாம் என்பான். அப்புறம் இந்த ஜீவனுக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். போனைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனாள்.

"கேட்டேன் சார். உங்க இஷ்டம், என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்னுட்டாரு."

பொய் நாக்கில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவளே அதை நம்பியதால் இருக்கும்.

நாய் பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் அது கூண்டுக்குள் மயக்கம் தெளியாமல் படுத்திருக்க, பக்கத்தில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்தக் குரல்தான்.

"மத்தியானம் ஒரு நாயை விட்டுட்டு வந்தேன். முடிஞ்சுதா?"

உண்மையைச் சொல்ல அது ஒரு வாய்ப்பு. கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். "முடிஞ்சுது" என்றாள்.

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள். பிறகு, "சரி" என்று கேட்டது. வைத்துவிட்டார்.

வீட்டில் அவளும், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிற கணவனும், மாமனாரும்தான். மாமனார் மாடிப்படியில் ஒரு தடவை விழுந்து எழுந்ததிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. பயம் என்று ஒப்புக்கொள்ளாமல், "வெளிய என்ன இருக்கு பார்க்கறதுக்கு?" என்பார். நாள் முழுக்க டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை. அவரிடம், "யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க மாமா" என்று நாயைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இந்த வீட்ல ஏற்கனவே ஒரு கெழம் இருக்கு, போதாதா?" என்றார் அவர்.

தையல் போட்ட வயிற்றோடு அது நடக்கத் தடுமாறுவதைப் பார்த்தபோதும் அவருக்கு எரிச்சல்தான். "டேய் பெருசு, பார்த்து வை காலை, விழுந்து தொலைக்கப் போற" என்று சத்தம் போட்டார். பெருசு என்பதே அதற்குப் பேராக நிலைத்துவிட்டது. ஒரு நாள் அது வாசலில் நின்றுகொண்டு வெளியே போக வேண்டும் என்று குரைத்தது. மற்ற இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனவர், மறுநாளும் போனார். பிறகு தெருமுனை வரை, பிறகு பூங்கா வரை. புதிதாகச் சிவப்பில் ஒரு கழுத்துப் பட்டை வாங்கிப் போட்டார். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது இரண்டு பேரும் எதிரே வருவார்கள், ஒரே மாதிரி மெல்ல, ஒரே மாதிரி நின்று நின்று. "அப்பாவா இது?" என்று கணவன் வாயைப் பிளந்தான்.

நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவு அவளுக்கு இருந்தது. அந்த நிறைவோடு அந்த மனிதரின் கதையையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம், மளிகைக் கடைக்காரரிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அதற்குக் கண் காது மூக்கு முளைத்தது. முதலில் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னும் கொஞ்ச நாளில் கொட்டாவி விட்டார். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம், நாயைக் காலால் தள்ளினார் என்றே வாயில் வந்துவிட்டது. அதை அவள் திருத்தவில்லை.

"ஏய், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்று கணவன் ஒரு முறை கேட்டான். "இந்தக் கதையை நீ சொல்லும்போதெல்லாம் அந்த ஆளு மூஞ்சி எனக்குத் தெரிய மாட்டேங்குது. உன் மூஞ்சிதான் கடுகடுன்னு தெரியுது."

"உங்களுக்கு எப்பவும் ஊருக்கெல்லாம் வக்காலத்து" என்று அவன் வாயை அடைத்தாள்.

இப்படிச் சில மாதம் ஓடியது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் கலைந்து, டாக்டரும் சாப்பிடப் போயிருந்த நேரம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. உள்ளே வராமல், போகவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். அவர்தான். இஸ்திரி இல்லாத சட்டை, முகத்தில் வெள்ளைத் தாடி. நல்ல சாதி நாய்க்குட்டி விசாரிக்க வந்திருக்கிறான், ஒன்றை முடித்தாயிற்று, அடுத்தது வேண்டுமாம் என்று அவள் மனம் அதற்குள் எழுதி முடித்துவிட்டது.

கடைசியில் உள்ளே வந்தார். "என்னை ஞாபகம் இருக்குமான்னு தெரியல. ஒரு நாயை விட்டுட்டுப் போனேன். கழுத்துப் பட்டையைக் கழட்ட மறந்துட்டேன். தூக்கிப் போட்டிருப்பீங்க. ஒருவேளை இருந்தா..."

"எதுக்கு?" அவளுக்கே கேட்கக் கூடாத கேள்வியாகப் பட்டது. ஆனால் வந்துவிட்டது.

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அன்னிக்கே வீட்ல அவன் சாமான் எல்லாத்தையும் வெளிய போட்டுட்டேன். தட்டு, படுக்கை, பந்து. கண்ணுல படக் கூடாதுன்னு. இப்ப ஒண்ணுகூட இல்ல. அவன் அங்க இருந்தான்னு சொல்லவே எதுவும் இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்தார். பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வந்தவர் என்பது தெரிந்தது. கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார்.

"என் வீட்டுக்காரிக்கும் வயித்துலதான் கட்டி. ஆபரேஷன் பண்ணலாம்னாங்க. அங்கயும் பாதிக்குப் பாதின்னுதான் சொன்னாங்க. அவ வேண்டாம்னா. நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. ஒவ்வொரு தடவையும் நான்தான் சரின்னு தலையாட்டினேன். கடைசியில ஒரு நாள் என்னைப் பார்த்துக் கேட்டா, 'இதே நம்ம வம்புவா இருந்தா இப்படிப் போட்டு அறுக்க விடுவீங்களா?'ன்னு."

"வம்பு?"

"அவன் பேரு. அவ வச்சது. எங்க என்ன நடந்தாலும் மூக்கை நுழைப்பான்." சிரிக்கப் பார்த்தார். "அன்னிக்கு நீங்க பேரு கேட்டீங்க. சொல்லியிருந்தேன்னா இங்கயே உடஞ்சிருப்பேன்."

ஆபரேஷனுக்காக அவள் கழற்றி வைத்த அந்தப் பழைய பட்டை மேசையின் கீழ் இழுப்பறையில்தான் கிடந்தது. அவள் முழங்கால் அந்த இழுப்பறையில் இடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்" என்றார் அவர். "எனக்கா?" என்றாள் அவள்.

"வெளிய போகும்போது கதவுக் கண்ணாடியில தெரிஞ்சுது. நீங்க குனிஞ்சு அவன் தலையில கை வச்சீங்க. ஒரு நிமிஷம்தான் பார்த்தேன். நல்ல மனசுக்காரங்கன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. சரி, அவன் அநாதையாப் போகலன்னு ஒரு தைரியம். இல்லன்னா திரும்பி வந்திருப்பேன்."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "தேடிப் பார்க்கிறேங்க" என்றாள், யாருடைய குரலிலோ. "கிடைச்சா நானே கொண்டுவந்து தர்றேன். வீடு எங்கன்னு சொல்லுங்க."

அவர் போன பிறகு இழுப்பறையைத் திறந்து பட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வந்ததும் சொன்னாள், போன் பண்ணவில்லை என்பதிலிருந்து எல்லாவற்றையும். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உன்னை நம்பித்தானேம்மா கத்தியைக் கையில எடுத்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கூட வரட்டுமா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அவர் அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

வீட்டில் சமையலறையில் வைத்துக் கணவனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். "பட்டையை மட்டும் குடுத்துடு. அந்த மனுஷன் மனசு ஆறிடும். இங்க அப்பா நல்லா இருக்காரு. நாய் நல்லா இருக்கு. இப்பப் போய்க் கிளறினா யாருக்கு என்ன லாபம்?"

அவளும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் வாயால் கேட்டபோது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் கூடத்தில் டிவி சத்தம் நின்றது.

"யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுதானே சொன்ன?" மாமனார் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"விட்டுட்டுத்தான் மாமா போனாரு."

"இது உயிரோட இருக்குன்னு அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ விட்டுட்டுப் போகல." அவர் குரல் நடுங்கியது. கோபமா என்னவென்று தெரியவில்லை. "என்கிட்டயுமா பொய் சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நாய் பின்னாலேயே போய்க் கட்டிலுக்குக் கீழே சுருண்டது.

மறுநாள் காலை அந்த மனிதரின் வீட்டுக்குப் போனாள். சின்ன இரும்புக் கேட், பராமரிப்பில்லாத நாலு செடி, மாடியில்லாத வீடு. பட்டையை நீட்டியதும் அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டார். "உட்காருங்க, உட்காருங்க, ஒரு வாய் ஏதாவது குடிச்சிட்டுப் போங்க" என்று பரபரத்தார். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும்.

"அவன் சாகலைங்க."

"யாரு?"

"வம்பு. உயிரோட இருக்கான். எங்க வீட்ல."

அவருக்கு அது போய்ச் சேரக் கொஞ்ச நேரமானது. முகத்தில் சந்தோஷம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாளோ என்னவோ, வரவில்லை. "அறுத்தீங்களா அவனை?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வலிச்சுதா?"

"ரெண்டு மூணு நாள் வலிச்சிருக்கும். அப்புறம் நல்லாயிட்டான்."

"நான் வேண்டாம்னு சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்புறம் ஏன்?"

டாக்டர் மேல் கொஞ்சம், இரக்கத்தின் மேல் கொஞ்சம் என்று பூசி மெழுக வழி இருந்தது. ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் அது வரவில்லை. "உங்களைப் பார்த்தா பாசமே இல்லாத ஆளு மாதிரி தெரிஞ்சுது. நாயை அங்க கட்டிட்டு நீங்க தள்ளிப் போய் உட்கார்ந்தப்பவே முடிவு பண்ணிட்டேன். உங்களைக் கேட்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு. நான் கேட்கல. கேட்டேன்னு பொய் சொன்னேன்."

"தள்ளி உட்கார்ந்தேன்" என்று அவர் மெல்லத் திருப்பிச் சொன்னார். பிறகு, "பக்கத்துல உட்கார்ந்தா என் கால் மேல தலையை வப்பான்" என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள்.

"வெளிய போங்க."

போனாள். ஸ்கூட்டரைக் கிளப்பக் கை வரவில்லை. சாவியைத் திருகிக்கொண்டே நின்றபோது பின்னால் கேட் கிறீச்சிட்டது. செருப்புகூட இல்லாமல் வந்திருந்தார். பட்டை கையில் இருந்தது.

"எங்க வீடு?"

பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவள் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவள் முட்டைக் கூடையைக் கொண்டுபோகிறவள் போல ஓட்டினாள்.

மாமனார் நாயைக் குளிப்பாட்டித் துவட்டி, கூடத்தில் உட்கார வைத்திருந்தார். தானும் சட்டை மாற்றியிருந்தார். உள்ளே வந்தவர் நிலைப்படியிலேயே நின்று, "வம்பு" என்றார். சத்தமே எழும்பவில்லை. நாய் எழுந்து நின்றது. ஓடி வரவில்லை. கிட்டே வந்து பாதத்தை மோந்து பார்த்தது, முழங்காலை மோந்து பார்த்தது. அதன் பிறகு அதன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்டிராத சத்தம். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது அவர் மேல் ஏறி விழுந்து, முகம் கழுத்து என்று பார்க்காமல் நக்கியது. அவர் கை அதன் வயிற்றில் தழும்பைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது.

எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். வெகு நேரம் கழித்து அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"நீங்க என்னைப் பத்திச் சரியா நெனச்சிருந்தா இவன் இன்னிக்கு இல்ல. அதுக்கு உங்களுக்குக் கும்பிடு போடணுமா, கன்னத்துல அறையணுமான்னு எனக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இத்தன நாளும், ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவளை அறுத்து, இவனை அறுக்காம."

மாமனார்தான் அசைந்தார். "மாத்திரையைச் சாப்பாட்டுல ஒளிச்சு வச்சா கண்டுபிடிச்சுத் துப்பிடுவான்" என்றார். "கையில வச்சு, வாங்கிக்கடான்னு சொன்னா முழுங்குவான். பெருசுன்னு கூப்பிட்டாலும் திரும்புவான். அது... இனி உங்க இஷ்டம்." சிவப்புப் பட்டையைக் கழற்றப் போனவரை அந்த மனிதர் தடுத்தார். "இருக்கட்டும்." கையிலிருந்த பழையதைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். கணவன் வண்டி பிடித்து இரண்டு பேரையும் அனுப்பி வைத்தான்.

அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு மறுபடி வரவில்லை. நாயை இன்னொரு டாக்டரிடம் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டாள். அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. அவளை அரித்தது வேறு. கதையை யார் யாரிடம் சொன்னாளோ அவர்களிடமெல்லாம் போய்த் திருத்தப் பார்த்தாள். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "பாசம் இருக்கறவன் திரும்பிக்கூடப் பார்க்காமயா போவான்?" என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "என்ன இருந்தாலும் வாயில்லா ஜீவனைக் காலால தள்ளினவன்தானே?" என்றாள்.

"தள்ளல அக்கா. அது நானாச் சொன்னது."

"உனக்கு இளகின மனசு. அதான் இப்ப அவருக்குப் பரிஞ்சு பேசற."

அவள் நட்டு வைத்தது அவர்கள் மனதில் வேர் பிடித்திருந்தது. பிடுங்கப் போனால் அவளைத்தான் நல்லவள் என்றார்கள். கடிகாரத்தை அவர் ஏன் பார்த்தார் என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மனிதர்கள் சும்மாவும் மணி பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் கதவு திறக்கும்போதெல்லாம் மனம் பழையபடி வார்த்தையை உதிர்த்துக்கொண்டுதான் இருந்தது. கஞ்சன், சிடுமூஞ்சி, ஏமாளி என்று. அது நிற்கவில்லை. அவள் வாயை மட்டும் மூடிக்கொண்டாள். உதிர்ந்த வார்த்தைக்காக, எதிரே நிற்கிறவரிடம் உள்ளுக்குள் கூசினாள். கூசிக்கொண்டே நாயின் பேர் கேட்டாள்.

மாமனார் மறுபடி வாசல் தாண்டாமல் ஆனார். அவளிடம் பேசினார், ஆனால் சாப்பாடு, தண்ணீர் என்ற அளவில்தான். டிவி ஓடியது. செய்தி வாசிக்கிறவரை இப்போது அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பார்க்கத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாள் சாயங்காலம் அவரே வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"அந்த ஆளு வீடு எங்கன்னு சொன்ன?"

"நான் கூட்டிட்டுப் போறேன் மாமா."

"சும்மா கேட்டேன்" என்றவர், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரை அந்தச் சின்ன கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். உள்ளே குரைக்கும் சத்தம். மாமனாரின் நடை அந்தச் சத்தத்துக்கு வேகம் பிடித்தது. கேட்டைத் திறந்துகொண்டு, செடிகளுக்கு நடுவே போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்தது. பழுப்பு நாய் வெளியே பாய்ந்து அவர் முழங்காலைச் சுற்றியது. இரண்டு பெரியவர்களும் ஏதோ பேசிக்கொண்டது அவளுக்குக் கேட்கவில்லை. அந்த மனிதர் மாமனாரின் தலைக்கு மேலாகக் கேட்டுக்கு வெளியே பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள். போய்விட்டு அப்புறம் வரலாமா என்று நினைத்தாள். மாமனாரால் தனியாக வர முடியாது. தெருவில் போகிறவர்கள், யார் இவள், ஏன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

கதவு மறுபடி திறந்தது. அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேட்டைத் தாண்டி வெளியே, மதில் நிழலில் அதை வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கால் வலிக்குமே என்று போட்டாரா, உள்ளே வராதே, அங்கேயே இரு என்று போட்டாரா? அவள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே மாமனார் சத்தமாக எதற்கோ சிரித்தார். நாய் குரைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதையும் முடிவு செய்யாமலே போய், அந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.